ஊரடங்கும் இறப்புக் கணக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொரோனா காலத்து ஊரடங்கைப் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் கடைசியில் இறப்புக் கணக்கில்தான் வந்து நிற்கிறது. கேட்கப்படும் சந்தேகங்களும் ஏறக்குறைய ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே எடுத்து, எனக்கு உறுதியாகத் தெரிந்த பதில்களைக் கீழே எழுதியிருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், வில்லங்கமானவை பிறகு.

சுத்தி வளைக்காம சொல்லுங்க, ஊரடங்கால சாவு கூடுச்சா குறைஞ்சுதா?

இரண்டும் நடந்தது. ஃப்ளூ போன்ற மற்றத் தொற்றுகளால் வரும் சாவு அடியோடு குறைந்தது. பல நாடுகளில் சாலை விபத்துச் சாவும் குறைந்தது. மறுபக்கம், மாரடைப்பு வந்து வீட்டிலேயே உயிர்விட்டவர்கள் கூடினார்கள். சில நாடுகளில் குடியால் ஈரல் கெட்டுச் செத்தவர்கள் கூடினார்கள். தற்கொலை ஒரு நாட்டில் ஏறியது, இன்னொரு நாட்டில் இறங்கியது.

ஆகவே எந்தச் சாவு, எந்த நாட்டில், எந்த மாதங்களில் என்று கேட்டால்தான் பதில் கிடைக்கும். ஊரடங்கும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கவில்லை. வூஹான் நகரம் 2020 ஜனவரி 23 முதல் ஏப்ரல் 8 வரை 76 நாள் பூட்டிக்கிடந்தது. ஸ்வீடனில் முதல் அலையின்போது 50 பேருக்கு மேல் கூடத் தடை, மேல்நிலைப் பள்ளிகள் இணையவழி என்ற அளவில் நின்றது. இரண்டையும் ஒரே பெயரில் சேர்த்துச் சராசரி எடுத்தால் வரும் எண்ணால் யாருக்கும் பயனில்லை.

"மிகை இறப்பு, மிகை இறப்பு"ங்கிறாங்களே, அது என்ன கணக்கு?

பெருந்தொற்று வராமலே இருந்திருந்தால் அந்தக் காலத்தில் எத்தனை பேர் இறந்திருப்பார்கள் என்று முந்தைய ஆண்டுகளின் போக்கை வைத்து மதிப்பிடுவார்கள். உண்மையில் இறந்தவர்களின் எண்ணிக்கையிலிருந்து அதைக் கழித்தால் வருவது மிகை இறப்பு. காரணம் என்னவென்று சான்றிதழில் எழுதியிருந்தாலும் எழுதாவிட்டாலும் இறப்பு இறப்புதான் என்பதால், பரிசோதனை செய்யாமல் விடுபட்டவர்களும் இதில் வந்துவிடுவார்கள்.

2020, 2021 இரண்டு ஆண்டுகளுக்கும் சேர்த்து உலக சுகாதார நிறுவனம் சொன்ன மதிப்பீடு 1 கோடியே 49 லட்சம் (1.33 கோடி முதல் 1.66 கோடி வரை இருக்கலாம் என்றார்கள்). அதே காலத்தில் நாடுகள் அறிவித்த கொரோனா சாவு சுமார் 54 லட்சம்தான். நடுவில் உள்ள இடைவெளியில் கணக்கில் வராத கொரோனா சாவும் இருக்கிறது, மருத்துவம் கிடைக்காமல் போன சாவும் இருக்கிறது. சாலையில் தப்பிய உயிர்களுக்கான கழித்தலும் அதற்குள்ளேதான் இருக்கிறது.

போன வருஷத்தோட ஒப்பிட்டுப் பார்த்தா போதாதா? எதுக்கு இவ்வளவு கணிதம்?

போதாது. ஸ்வீடனையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018-ல் சுமார் 92,000 பேர் இறந்தார்கள், 2019-ல் சுமார் 88,800, 2020-ல் சுமார் 98,000. 2019-ஐ மட்டும் வைத்துப் பார்த்தால் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றம். 2015 முதல் 2019 வரையான சராசரியோடு பார்த்தால் 8 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. 2019 வழக்கத்தைவிட நல்ல ஆண்டு, அவ்வளவுதான் விஷயம். தனக்கு வேண்டிய முடிவுக்கு ஏற்ற ஆண்டைப் பொறுக்கி எடுப்பவர்கள் இரு தரப்பிலும் இருக்கிறார்கள். வரைபடம் காட்டினால் முதலில் எந்த ஆண்டோடு ஒப்பிட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

சரி, தொற்றால செத்தவங்க வேற, ஊரடங்கால செத்தவங்க வேற. எப்படிப் பிரிப்பீங்க?

மரணச் சான்றிதழில் 'ஊரடங்கு' என்று ஒரு காரணம் எழுத இடமில்லை. மாரடைப்பு, விபத்து, ஈரல் நோய் என்றுதான் வரும். அதனால் நேரடியாக எண்ண முடியாது, ஒப்பிட்டுத்தான் பார்க்க முடியும். அதற்கு மிக வசதியானவை, ஊரடங்கு இருந்தும் தொற்று அதிகம் இல்லாத இடங்கள்.

அப்படி ஓர் ஒப்பீட்டைச் சீனாவே தந்தது. 2020-ன் முதல் மூன்று மாதங்களில் வூஹானில் இறப்பு விகிதம் எதிர்பார்த்ததைவிட 56 சதவீதம் அதிகம். ஆனால் கட்டுப்பாடு இருந்தும் தொற்று பரவாத மற்றப் பகுதிகளில் மொத்த இறப்பு எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் குறைந்தது. கொரோனா அல்லாத நிமோனியாவும் சாலை விபத்தும் இறங்கியதே முக்கியக் காரணம். நியூசிலாந்திலும் இதே கதை: 2020 மார்ச் 25 நள்ளிரவு முதல் கடும் ஊரடங்கு, அந்த ஆண்டின் இறப்பு வழக்கத்தைவிடக் குறைவு. ஊரடங்கு தானாகவே குறுகிய காலத்தில் கூட்டம் கூட்டமாக ஆட்களைக் கொல்லும் என்றால் இந்த இரண்டு இடங்களிலும் அது தெரிந்திருக்க வேண்டும். 'குறுகிய காலத்தில்' என்ற சொல்லைக் கவனியுங்கள், பின்னால் அது தேவைப்படும்.

ஃப்ளூ நிஜமாவே காணாம போச்சா? இல்ல அதையும் கொரோனா கணக்குல ஏத்திட்டாங்களா?

நிஜமாகவே போனது. கணக்கு மாற்றி எழுதியிருந்தால் ஆய்வகத்தில் அகப்பட்டிருக்கும், ஏனென்றால் ஃப்ளூ பரிசோதனை நிற்கவில்லை. மாதிரிகளைச் சோதித்துக்கொண்டே இருந்தார்கள், வைரஸ்தான் அகப்படவில்லை. அமெரிக்காவில் 2019-20 பருவத்தில் ஃப்ளூவால் இறந்த குழந்தைகள் 199. அடுத்த பருவத்தில் ஒரே ஒரு குழந்தை. பி/யமகதா என்ற ஃப்ளூ வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்குமே உறுதியாகக் கண்டறியப்படவில்லை. தடுப்பூசியிலிருந்தே அதை நீக்கும் அளவுக்குப் போய்விட்டது.

உடனே அடுத்த கேள்வி வரும்: அதே முகக்கவசம், அதே இடைவெளி, ஃப்ளூ மட்டும் போய் கொரோனா ஏன் போகவில்லை? ஃப்ளூ பிடித்த ஒருவர் சராசரியாக ஒருவருக்குச் சற்று மேல்தான் பரப்புவார். ஆரம்பகாலக் கொரோனா இரண்டு மூன்று பேருக்குப் பரப்பியது. தொடர்புகளைப் பாதியாகக் குறைத்தால் முன்னது அணைந்துவிடும், பின்னது தாக்குப்பிடிக்கும். குழந்தைகளைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. வைரஸும் இப்படித்தான் ஒடுங்கியது. ஆனால் ஆஸ்திரேலியாவில் அது பருவம் தப்பிக் கோடையில் திரும்பி வந்தது. தவிர்த்த தொற்றில் ஒரு பகுதி தள்ளிப்போட்ட தொற்றுதான்.

வண்டியே ஓடல. அப்ப சாலை விபத்துச் சாவு பாதியாக் குறைஞ்சிருக்கணுமே?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019-ல் சுமார் 22,800 பேர் சாலையில் இறந்தார்கள், 2020-ல் சுமார் 18,800. 17 சதவீதக் குறைவு. இந்தியாவில் 1.51 லட்சத்திலிருந்து 1.3 லட்சத்துச் சொச்சமாகக் குறைந்து, 2021-ல் மறுபடி 1.54 லட்சத்தைத் தொட்டது.

அமெரிக்காவில் நேர்மாறு. வண்டிகள் ஓடிய தூரம் 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தும், சாவு சுமார் 36,000-லிருந்து 39,000 ஆக ஏறியது, 2021-ல் 43,000. காலிச் சாலையைப் பார்த்ததும் வேகம் கூடியது, பெல்ட் போடாதவர்களும் குடித்துவிட்டு ஓட்டியவர்களும் கூடினார்கள். நெரிசல் எரிச்சலூட்டும், ஆனால் வேகத்தைக் கட்டிவைப்பதும் அதுதான்.

மாரடைப்புன்னு ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க பாதியாக் குறைஞ்சாங்களே, டென்ஷன் இல்லாததாலதானே?

இந்தக் கேள்வி எனக்கு அதிகம் வந்தது, நல்ல செய்தி போலத் தோன்றுவதால்தான். 2020 மார்ச்சில் இத்தாலியின் இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ஒரு வாரக் கணக்கை எடுத்தபோது மாரடைப்புச் சேர்க்கை முந்தைய ஆண்டின் அதே வாரத்தைவிட 48 சதவீதம் குறைவு. அமெரிக்காவில் அவசரநிலை அறிவித்த பிறகான பத்து வாரங்களில் மாரடைப்புக்காக அவசரப் பிரிவுக்கு வந்தவர்கள் 23 சதவீதமும், பக்கவாதத்துக்காக வந்தவர்கள் 20 சதவீதமும் குறைந்தார்கள்.

இப்போது அதே வாரங்களில் ஆம்புலன்ஸ் பதிவேட்டைத் திருப்புங்கள். இத்தாலியின் லொம்பார்தியில் மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றுபோன சம்பவங்கள் முதல் 40 நாளில் 58 சதவீதம் கூடின. பாரிஸிலும் அதன் சுற்றுப்புறத்திலும் ஏறத்தாழ இரு மடங்கு. இடம் பெரும்பாலும் வீடு. வந்துசேரும்போதே பிழைக்கும் வாய்ப்புக் குறைந்திருந்தது. பாரிஸ் கூடுதலில் மூன்றில் ஒரு பங்கைத்தான் நேரடியாகக் கொரோனாவோடு சேர்க்க முடிந்தது.

மிச்சத்துக்கு ஊரடங்குதான் காரணமா என்றால், பாதி ஆம் என்பேன். 'மருத்துவமனைக்குப் போனால் தொற்றிக்கொள்ளும்' என்ற பயம், 'அவர்களுக்கு இருக்கிற வேலையில் நாம் வேறு தொந்தரவு செய்வதா' என்ற கூச்சம், 'வீட்டிலேயே இருங்கள்' என்ற அறிவிப்பை நெஞ்சு வலிக்கும் பொருத்திப் பார்த்த குழப்பம் எல்லாம் கலந்துதான் இருந்தன. ஊரடங்கு இல்லாமல் தொற்று மட்டும் பரவியிருந்தாலும் பயம் இருந்திருக்கும். ஆனால் அந்த அறிவிப்பிலேயே 'நெஞ்சு வலித்தால் உடனே கிளம்புங்கள்' என்று ஒரு வரி சேர்க்கச் செலவே இல்லை. பல நாடுகள் அதை வாரக்கணக்கில் கழித்துத்தான் சொன்னன.

காத்து சுத்தமானதால உயிர் பிழைச்சவங்க கணக்கு உண்டா?

மதிப்பீடுகள் உண்டு; மாசு குறைந்த அளவைப் பழைய சூத்திரத்தில் போட்டுப் பெருக்கி வந்தவை. காற்று தெளிந்தது உண்மை. ஆனால் நுரையீரலையும் இதயத்தையும் காற்று மாசு பாதிப்பது பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில். சில வாரத் தெளிவுக்கு இத்தனை உயிர் என்று துல்லியமாகச் சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

அடைஞ்சு கிடந்ததால தற்கொலை பெருகிடுச்சுன்னு எல்லாரும் சொல்றாங்களே?

2020-ன் தொடக்க மாதங்களை 21 நாடுகளில் ஆராய்ந்தபோது பொதுவான ஏற்றம் எதுவும் தென்படவில்லை. அவற்றில் பெரும்பாலானவை வசதியான நாடுகள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 2019-ல் 47,511 ஆக இருந்தது 2020-ல் 45,979 ஆக இறங்கியது. ஜப்பானில் முதல் சில மாதங்கள் இறங்கி, ஜூலைக்குப் பிறகு ஏறி, ஆண்டு முடிவில் 20,169-லிருந்து 21,081 ஆனது. பெண்களிடையே ஏற்றம் அதிகம். இந்தியாவின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின்படி 1,39,123-லிருந்து 1,53,052 ஆகவும் 2021-ல் 1,64,033 ஆகவும் கூடியது. 2020-ல் இறந்தவர்களில் நான்கில் ஒருவர் தினக்கூலித் தொழிலாளி.

நெருக்கடியின் முதல் கட்டத்தில் மனிதர்கள் ஒருவரை ஒருவர் தாங்கிப்பிடிப்பதும், கையிருப்புக் கரைந்து கடன் ஏறும்போது அது தளர்வதும் முன்பும் பார்த்ததுதான். எனவே கதவடைப்பைவிட வருமான இழப்பையே நான் முதலில் பார்ப்பேன். வேலை போனவருக்கு அரசு பணம் கொடுத்ததா என்பது எல்லா நாட்டிலும் ஒரே பதில் அல்ல. இப்படியான எண்ணம் உங்களுக்கே இருந்தால், தயவுசெய்து நெருங்கிய ஒருவரிடமோ மனநல உதவி எண்ணிலோ இன்றே பேசுங்கள்.

மதுக்கடையை மூடினா குடிச்சுச் சாகறவங்க குறைவாங்கதானே?

எதை மூடினீர்கள் என்பதைப் பொறுத்தது. பிரிட்டனில் மதுவிடுதிகளை மூடினார்கள், பாட்டில் விற்பனையை விட்டுவிட்டார்கள். மதுவால் நேரடியாக வரும் சாவு 2019-ல் 7,565 ஆக இருந்தது 2020-ல் 8,974 ஆனது, ஒரே ஆண்டில் 18.6 சதவீதம். அளவாகக் குடித்தவர்கள் பலர் குறைத்துக்கொண்டார்கள், மொடாக்குடியர்கள் கூட்டினார்கள். பெரும்பாலான சாவு ஈரல் நோய்.

தென்னாப்பிரிக்கா மது விற்பனையையே நிறுத்தியது. 2020 மார்ச் 27-ல் தடை, ஜூன் 1-ல் தளர்வு, ஜூலை 12-ல் திடீரென மறுபடி தடை. விபத்து, குத்து, சுடுதல் என இயற்கையல்லாத சாவுகள் தடையில் இறங்கின, தளர்வில் எகிறின, மறுதடையில் இறங்கின. ஊரடங்கு பற்றிய தரவுகளில் இவ்வளவு தெளிவான ஏற்ற இறக்கம் அபூர்வம். ஆனால் இரவுநேர நடமாட்டத் தடையும் கூடவே இருந்ததால் முழுப் பெருமையையும் மதுத்தடைக்கே கொடுக்க முடியாது.

அமெரிக்காவில் போதைமருந்தை அளவுக்கு மீறி எடுத்து இறந்தவர்கள் 2019-ல் சுமார் 70,600, 2020-ல் 91,800. அந்த ஏற்றம் 2019 இறுதியிலேயே தொடங்கிவிட்டது, ஃபென்டனில் என்ற வீரியமிக்க செயற்கைப் போதைமருந்து காரணமாக. தனிமையும் மூடிய சிகிச்சை மையங்களும் அதை மோசமாக்கியிருக்கலாம், ஆனால் தொடக்கம் அங்கே இல்லை.

எல்லாரும் வீட்டுக்குள்ளேயே இருந்தா கொலை கூடுமா குறையுமா?

23 நாடுகளின் 27 நகரங்களை எடுத்துப் பார்த்த ஆய்வில் மொத்தக் குற்றம் 37 சதவீதம் குறைந்தது, கொலை 14 சதவீதம்தான். வீட்டுக்குள் நடப்பவையும் கும்பல்கள் நடத்துபவையும் தெருவைப் பூட்டினால் நிற்பதில்லை. அமெரிக்காவில் 2020-ல் கொலை ஏறத்தாழ 30 சதவீதம் கூடியது. ஆனால் பெரிய தாவல் ஊரடங்கு தளரத் தொடங்கிய பிறகுதான் வந்தது.

குறைப்பிரசவம் குறைஞ்சுதுன்னு படிச்சேன். அப்ப தாய் சேய்க்கு நல்லதா நடந்திருக்கா?

26 நாடுகளின் பிறப்புத் தரவைச் சேர்த்துப் பார்த்தபோது ஊரடங்கின் முதல் மூன்று மாதங்களில் குறைப்பிரசவம் 3, 4 சதவீதம் குறைந்திருந்தது. தொற்று குறைவு, ஓய்வு கிடைத்தது என்று காரணம் சொல்கிறார்கள். சிறிய நன்மைதான், ஆனாலும் நன்மை.

நேபாளத்துக்குப் போனால் படம் வேறு. ஒன்பது மருத்துவமனைகளில் ஆய்வு செய்தார்கள். அங்கே நடக்கும் பிரசவங்கள் பாதியாகக் குறைந்தன. இறந்து பிறந்த குழந்தைகள் ஆயிரத்துக்கு 14-லிருந்து 21 ஆனார்கள். பிறந்தபின் இறந்த பச்சிளம் குழந்தைகள் ஆயிரத்துக்கு 13-லிருந்து 40. ஊழியர்கள் கை கழுவுவது முன்னைவிடக் கூடியிருந்தது, வயிற்றுக்குள் இருக்கும் குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்ப்பது குறைந்திருந்தது. தொற்றுக்கு அஞ்சி ஒன்றைச் சேர்த்து, ஆள் பற்றாமல் மற்றொன்றை விட்டிருக்கிறார்கள்.

இங்கே ஒரு பொறியும் உண்டு. சிக்கல் இல்லாதவர்கள் வீட்டிலேயே பெற்றுக்கொண்டு, சிக்கலானவர்கள் மட்டும் மருத்துவமனைக்கு வந்திருந்தாலும் விகிதம் ஏறும். ஆனால் வீட்டில் நடந்த பிரசவங்களில் என்ன ஆனது என்பது அந்தப் பதிவேட்டில் வராது. அதனால் நிலைமை இதைவிட நன்றாக இருந்தது என்று ஆறுதல்பட்டுக்கொள்ள முடியாது.

உடனே தெரியாம, வருஷம் கழிச்சு வர்ற சாவை என்ன பண்றது?

நான்காம் பதிலில் 'குறுகிய காலத்தில்' என்று சொன்னது இதற்காகத்தான். 2019-ல் உலகில் புதிதாகக் கண்டறிந்து பதிவான காசநோயாளிகள் 71 லட்சம், 2020-ல் 58 லட்சம். காசநோய் குறையவில்லை, கண்டுபிடிப்பது குறைந்தது. கண்டுபிடிக்காத நோயாளி மருந்தும் சாப்பிடமாட்டார், வீட்டாருக்கும் பரப்புவார். அதே ஆண்டில் 2 கோடியே 30 லட்சம் குழந்தைகளுக்கு அடிப்படைத் தடுப்பூசி தவறியது. மலேரியாவில் 2020-ன் கூடுதல் சாவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைச் சேவைத் தடங்கலின் தலையில்தான் உலக சுகாதார நிறுவனம் வைத்தது.

புற்றுநோய் இன்னும் மெதுவானது. தாமதமான நோயறிதலால் நான்கு வகைப் புற்றுநோய்களில் மட்டும் ஐந்தாண்டுக்குள் 3,300 முதல் 3,600 வரை கூடுதல் சாவு வரலாம் என்று இங்கிலாந்தில் 2020-லேயே கணித்தார்கள். அது கணிப்பு, எண்ணி வந்த தொகை இல்லை. 2020-ஐ மட்டும் பார்த்து ஊரடங்கை மெச்சுபவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

எப்படியும் போகப்போற வயசானவங்கதானே? ஒரு மாசம் முன்ன பின்ன, அதுக்கா இத்தனை பூட்டு?

ஒரு மாதம் என்பது தவறு. பணக்கார நாடுகளில் 80 வயதை எட்டிய ஆண் சராசரியாக இன்னும் எட்டாண்டு போல வாழ்கிறார். கொரோனாவால் இறந்தவர்கள் சராசரியாக இழந்தது பத்தாண்டு அளவில் என்றே அவர்களுக்கு ஏற்கெனவே இருந்த நோய்களைக் கணக்கில் எடுத்த ஆய்வுகளும் சொன்னன. அலைக்குப் பிறகு சில நாடுகளில் இறப்பு வழக்கத்துக்குக் கீழே போனது உண்மை. ஆனால் அந்தப் பள்ளம், அலையின் மேட்டை நிரப்பும் அளவுக்கு இருக்கவில்லை.

ஸ்வீடன் பூட்டவே இல்ல, நல்லாத்தானே இருக்கு?

2020 முதல் 2022 வரை மொத்தமாகப் பார்த்தால் ஐரோப்பாவிலேயே மிகை இறப்பு குறைந்த நாடுகளில் ஸ்வீடன் ஒன்று. 2020-ஐ மட்டும் எடுத்தால் நார்வே, பின்லாந்து, டென்மார்க் மூன்றையும்விட மோசம். இரண்டும் உண்மை. எதிரெதிர் தரப்புகள் ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். அங்கே ஆணை இல்லாமலே மக்கள் நடமாட்டத்தைக் குறைத்தார்கள் என்பதையும், வீட்டிலிருந்தே வேலை பார்க்க முடிந்தவர்கள் அங்கே அதிகம் என்பதையும் மறக்கக் கூடாது.

பெரு நாடு ரொம்ப இறுக்கமா பூட்டுச்சே, அங்க ஏன் அப்படிச் செத்தாங்க?

2020 மார்ச் 16-லேயே பூட்டினார்கள், ராணுவத்தையும் இறக்கினார்கள். ஆனாலும் மக்கள்தொகைக்கு ஏற்றபடி பார்த்தால் உலகிலேயே மிக அதிகம் இறந்த நாடுகளில் ஒன்று. ஏறத்தாழ பாதி வீடுகளில் குளிர்பதனப் பெட்டி கிடையாது. அப்படியானால் அடிக்கடி சந்தைக்குப் போய்த்தான் ஆக வேண்டும். சந்தைகளே பரவும் இடமாயின. உதவித்தொகையை வாங்க வங்கி வாசலில் வரிசை. பெரும்பாலோர் முறைசாரா வேலை, வெளியே போகாவிட்டால் சாப்பாடு இல்லை. மருத்துவமனைகளில் ஆக்சிஜன் பற்றவில்லை. 2021 மே இறுதியில் அரசு தன் கணக்கைத் திருத்தியபோது சாவு சுமார் 69,000-லிருந்து 1.8 லட்சமானது. ஆணை எவ்வளவு கடுமை என்ற குறியீட்டு எண்ணை மட்டும் வைத்து நாடுகளை ஒப்பிடும் அட்டவணைகளை நான் நம்பாததற்குப் பெரு போதும்.

ஒரு ஆய்வு 31 லட்சம் உயிர் தப்புச்சுங்குது, இன்னொண்ணு 0.2 சதவீதம்ங்குது. யாரை நம்புறது?

முதலாவது, பரவலைக் கணிதச் சூத்திரங்களால் போலச் செய்து பார்க்கும் மாதிரிக் கணக்கு, லண்டன் இம்பீரியல் கல்லூரி போட்டது: 2020 மே தொடக்கம் வரை 11 ஐரோப்பிய நாடுகளில். எதுவும் செய்யாமல் விட்டிருந்தால் என்ற கற்பனை உலகோடு ஒப்பிடுகிறது. மக்கள் பயந்து தாங்களாகவே ஒதுங்குவதற்கு அதில் இடம் மிகக் குறைவு. அதனால் பரவல் குறைந்த பெருமை எல்லாம் ஊரடங்குக்குப் போய்விடுகிறது. சிகாகோ பல்கலைக்கழகப் பொருளியலாளர்கள் கைப்பேசித் தரவை வைத்துப் பார்த்தபோது அமெரிக்காவில் கடைகளுக்குப் போனவர்கள் 60 சதவீதம் குறைந்திருந்தார்கள், அந்த 60-ல் ஆணைகளால் வந்தது 7தான்.

இரண்டாவது 2022-ல் மூன்று பொருளியலாளர்கள் பல ஆய்வுகளிலிருந்து தொகுத்தது; ஊரடங்கால் கொரோனா சாவு 0.2 சதவீதம்தான் குறைந்தது என்றார்கள். கட்டாயமான ஏதாவது ஒரு கட்டுப்பாடு இருந்தாலே அவர்களுக்கு அது ஊரடங்கு. மாதிரிக் கணக்குகளை ஒதுக்கிவிட்டார்கள், மிஞ்சிய சில ஆய்வுகளில் ஒன்றிரண்டுக்கு அதிக எடை கொடுத்தார்கள். பின்னர் அவர்களே அந்த எண்ணை 3 சதவீதச் சொச்சமாக உயர்த்தினார்கள்.

என் கணிப்பு நடுவில் எங்கோ என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். பரவும் முன்பே பூட்டி, தடுப்பூசி வரும்வரை தாக்குப்பிடித்த நியூசிலாந்து போன்ற இடங்களில் பலன் மிகப் பெரியது. தொற்று ஊர்முழுக்கப் பரவிய பிறகு, மக்கள் ஏற்கெனவே ஒதுங்கிவிட்ட நிலையில் பூட்டிய இடங்களில் கூடுதல் பலன் சிறியது. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் முதல் பதிலில் சொன்ன அதே கோளாறுதான்.

நடந்தே ஊருக்குப் போய்ச் செத்த தொழிலாளிங்க எந்தக் கணக்குல வர்றாங்க?

2020 மார்ச் 24 இரவு 8 மணிக்கு அறிவித்து நள்ளிரவில் இந்தியா முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. மே 8-ல் மகாராஷ்டிரத்தின் அவுரங்காபாத் அருகே, நடந்து களைத்துத் தண்டவாளத்தில் தூங்கிய 16 புலம்பெயர் தொழிலாளர்கள் சரக்கு ரயில் ஏறி இறந்தார்கள். பதிவேட்டில் அது ரயில் விபத்து. வெயிலில் சுருண்டு விழுந்தவர் இதய நோய். லாரி மோதியவர் சாலை விபத்து. அந்த ஆண்டு சாலை விபத்துச் சாவு குறைந்தது என்று மேலே சொன்னேனே, அந்தக் குறைந்த எண்ணுக்குள்தான் அவரும் இருக்கிறார்.

இவர்களை மிகை இறப்புக் கணக்காலும் பிரித்தெடுக்க முடியாது. தேசிய அளவில் எண்ணிக்கை சிறியது, அந்த மாதங்களில் பதிவு அலுவலகங்களே சரியாக இயங்கவில்லை. தன்னார்வலர்களும் ஆய்வாளர்களும் செய்தித்தாள் துணுக்குகளைச் சேர்த்துப் பட்டியல் போட்டார்கள். செய்தியில் வந்தவர்கள் மட்டும் அதில் இருக்கிறார்கள்.